கையளவுத் திருமேனிகள்

(சேலத்தில் நிகழ்த்திய பொதுச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)



செப்புத் திருமேனி என்றவுடன் எல்லோருக்கும் தஞ்சாவூர்ச் சீமைதான் நினைவுக்கு வருகிறது. நியாயம்தான். சோழர் காலத்து வார்ப்புகளுக்கு ஈடு சொல்ல உலகத்தில் அதிகம் இல்லை. ஆனால் இன்று நான் பேச எடுத்துக்கொண்டவை சின்னச் சாமிகள். சேலத்திலும் ராசிபுரத்திலும் நாமக்கல்லிலும் திருச்செங்கோட்டிலும் நம் வீட்டுப் பூஜை மாடங்களில், குங்குமச் சிமிழுக்கும் விபூதித் தட்டுக்கும் நடுவே உட்கார்ந்திருக்கிற இரண்டு அங்குல, நான்கு அங்குல, மிஞ்சினால் ஒரு சாண் உயரத் திருமேனிகள். கலை வரலாற்றுப் புத்தகங்களில் இவற்றுக்கு இடம் குறைவு. அளவில் பெரியதையும் காலத்தில் பழையதையும்தான் அவை தேடிப் போகின்றன.

எனக்கு ஒரு எண்ணம் உண்டு. ஒரு தெய்வத்துக்கு உரிய குறிகளில் எது இல்லாவிட்டால் அது அந்தத் தெய்வமே ஆகாது என்பதைத் துல்லியமாகக் காட்டுவது சின்னத் திருமேனிதான். பெரிய உருவத்தில் எல்லாவற்றுக்கும் இடம் இருக்கிறது. சிறியதில் எதை வைப்பது, எதை விடுவது என்று வார்ப்பவர் முடிவு செய்தே ஆக வேண்டும். தந்தி கொடுத்த காலத்தில் சொல்லுக்குக் காசு என்பதால் தேவையான சொல்லை மட்டும் எழுதினோமே, அப்படி. அந்த முடிவில் ஒரு சமூகத்தின் பக்தி முழுவதும் தெரிகிறது.

நாமக்கல்லில் தொடங்குகிறேன். அங்கே ஆஞ்சநேயர் 18 அடி உயரம். மேலே கூரை கிடையாது. கை கூப்பி நிற்கிறார். எதிரே மலையடிவாரத்தில், அதியமான் மரபினர் 8ஆம் நூற்றாண்டு வாக்கில் குடைவித்த குடைவரையில் நரசிம்மர். ஆஞ்சநேயரின் பார்வை நேரே அந்தத் திசையில் போகிறது. இப்போது உங்கள் வீட்டில் உள்ள இரண்டு அங்குல ஆஞ்சநேயரை நினைத்துக்கொள்ளுங்கள். அத்தனை சிறிய உருவில் விரல்களைத் தனித்தனியாகக் காட்ட முடியாது. நகைகள் வெறும் கோடுகள் ஆகிவிடும். முகம் கூட ஒரு முன்தள்ளலும் இரண்டு புள்ளிகளும்தான். ஆனால் கூப்பிய கையும் மேலே சுழலும் வாலும் இருக்கும். 18 அடிக் கல்லும் இரண்டு அங்குலப் பித்தளையும் சொல்வது ஒன்றுதான்: இவர் தொண்டர்.

இதிலிருந்து இன்னொன்றும் புரிகிறது. கூப்பிய கைக்கு எதிரே ஒருவர் வேண்டும். நாமக்கல்லில் நரசிம்மர் இருக்கிறார். வீட்டில் ஆஞ்சநேயரைச் சுவரைப் பார்க்க வைத்தால் அந்தக் கை யாரைக் கும்பிடும்? நம் பாட்டிமார் அவரை ராமர் படத்துக்கு எதிரே, கொஞ்சம் ஓரமாக வைத்தார்கள். உருவத்தின் பொருள் உருவத்தோடு முடிவதில்லை. வைக்கிற இடமும் அதில் சேர்த்தி.

சிறியது எப்படி இவ்வளவு கம்பீரமாக நிற்கிறது என்று கேட்கலாம். காரணம் அளவு முறை. சிற்ப சாஸ்திரத்தில் அங்குலம் என்பது நம் ஸ்கேலில் உள்ள அங்குலம் இல்லை. உருவத்தின் உயரத்தையே பங்கு போட்டு எடுப்பது. உத்தம தசதாலம் என்றால் உயரத்தை 124 பங்காக்குவார்கள். திருமால், சிவன் போன்ற பெருந்தெய்வங்களுக்கு அது. தேவியருக்கு மத்திம தசதாலம், 120 பங்கு. பிள்ளையாருக்கு ஐந்து தாலம். அதனால்தான் அவர் எந்த உயரத்திலும் குழந்தையாகவே தெரிகிறார். சுவாமிமலை ஸ்தபதிகள் இன்றும் தென்னங்கீற்றை உயரத்துக்கு நறுக்கி, அதை மடித்து மடித்துப் பங்கு காண்கிறார்கள். அதற்கு ஒடியோலை என்று பெயர். ஓலை நீளமானால் சாமி பெரிது, குட்டையானால் சிறிது. முகத்துக்கும் மார்புக்கும் உள்ள விகிதம் மாறாது. ஒரு சாண் சந்திரசேகரர் படத்தில் மூன்றடி உயரம் போலத் தெரிவது இதனால்தான்.

வார்ப்பு முறையையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். தேன்மெழுகும் குங்கிலியமும் எண்ணெயும் கலந்த மெழுகில் உருவத்தை முழுதாகச் செய்வார்கள். அதன்மேல் நைஸான வண்டல் மண், பிறகு கரடான மண் என்று பூசிக் காயவைப்பார்கள். சுட்டால் மெழுகு உருகி வெளியே வந்துவிடும். அந்த வெற்றிடத்தில் உலோகத்தை ஊற்றுவார்கள். மெழுகின் எடையைப் போல எட்டு ஒன்பது மடங்கு உலோகம் பிடிக்கும். மண்ணை உடைத்தால்தான் சாமி வெளியே வருவார். அதனால் ஒரு அச்சுக்கு ஒரு திருமேனிதான். அதே போல் இரண்டாவது கிடையாது. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகள் ஒவ்வொரு திருமேனியும் கனமாக வார்த்ததா, பொள்ளலா, எத்தனை விரல் உயரம், எத்தனை திருக்கை என்று கணக்கு எழுதி வைத்திருக்கின்றன. ராஜராஜனின் தமக்கை குந்தவை தன் தாய் தந்தையருக்கும் அங்கே செப்புத் திருமேனி எடுப்பித்தார்.

ஐம்பொன் என்று சொல்கிறோம். பழைய திருமேனிகளைச் சோதித்துப் பார்த்தால் பெரும்பகுதி செம்பு. கொஞ்சம் வெள்ளீயம், காரீயம். தங்கமும் வெள்ளியும் இருந்தால் மிகச் சொற்பம். பக்திக்காகச் சேர்க்கும் துளி அது. தங்கம் நிறைய இருக்கும் என்று நம்பித் திருடுகிறவர்களும் உருக்குகிறவர்களும் ஏமாந்துதான் போகிறார்கள். அதற்குள் திருமேனி போய்விடுகிறது.

இனி நம் பக்கத்துக்கே உரிய மூர்த்திக்கு வருகிறேன். திருச்செங்கோட்டு மலையில் மூலவர் அர்த்தநாரீசுவரர். கல்லில் வடித்ததன்று, வெண்பாஷாணத்தால் ஆன மேனி என்பது மரபு. வலது பாதி ஆண், இடது பாதி பெண். வலப்புறம் வேட்டியும் இடப்புறம் சேலையுமாக அலங்காரம் செய்கிறார்கள். வலக்கையில் தண்டு, இடக்கை இடுப்பில். வைகாசித் திருவிழாவில் உற்சவரான அர்த்தநாரீசுவரர், செங்கோட்டு வேலவரோடும் ஆதிகேசவப் பெருமாளோடும் மலையிலிருந்து இறங்கி ஊருக்குள் வந்து தங்கித் தேர் ஏறிவிட்டு மலைக்குத் திரும்புகிறார். படி ஏற முடியாதவர்களுக்குச் சாமியே இறங்கி வருவது எத்தனை பெரிய கருணை!

இதே மூர்த்தியின் புகழ்பெற்ற செப்பு வடிவம் திருவெண்காட்டில் கிடைத்தது. 11ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. இப்போது சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதை நின்று நிதானமாகப் பார்க்க வேண்டும். ஆண் பக்கம் இரண்டு கை, பெண் பக்கம் ஒரே கை. எதிரில் நின்றால் இது உறுத்துவதே இல்லை. ஆண் பக்கத்தில் பின்கை மழுவை ஏந்த, முன்கை இல்லாத ஒரு காளையின் மேல் சாய்ந்ததுபோல் வளைகிறது. பெண் பக்கத்தின் ஒற்றைக் கை பூப் பிடிக்கும் பாவனையில் மடங்குகிறது. வலக்கால் உடை தொடையோடு நிற்கிறது. இடக்கால் உடை கணுக்கால் வரை இறங்குகிறது. இடுப்பு இடப்பக்கம் மெல்ல வளைந்து போகிறது. வலத்தோள் அகலம், இடத்தோள் ஒடுக்கம். ஆனாலும் உடலின் நடுவில் எங்கே ஆண் முடிந்து பெண் தொடங்குகிறாள் என்று கோடு போட முடியாது. அதைச் செய்தவர் கைக்கு நான் தலை வணங்குகிறேன்.

இப்போது அதையே உள்ளங்கை அளவில் செய்யச் சொன்னால்? இரண்டு காதிலும் வேறு வேறு குழை காட்ட இடம் இல்லை. மகுடத்தின் ஒரு பாதி சடை, மறு பாதி கரண்டம் என்று பிரித்தால் கண்ணுக்குத் தெரியாது. மழுவும் போகலாம், காளையும் போகலாம். போகக் கூடாதவை இரண்டு: ஒரு பக்க மார்பு, ஒரு பக்க இடுப்பின் வளைவு. இவை இருந்தால் அர்த்தநாரி. இல்லையென்றால் நிற்கும் சிவன். திருச்செங்கோட்டு மூலவரையே மனத்தில் வைத்துப் பாருங்கள். கை இரண்டே, ஆயுதம் ஒன்றே, இடக்கை இடுப்பில் ஊன்றியிருக்கிறது. அந்த ஊன்றலே பெண் பாதியைச் சொல்லிவிடுகிறது. மலைமேல் உள்ள அந்த எளிமை வீட்டு விக்கிரகத்துக்கும் அப்படியே பொருந்துகிறது.

அர்த்தநாரியோடு பிருங்கியையும் சொல்லாமல் விட முடியாது. சிவனை மட்டுமே வணங்குவேன் என்று வண்டாக மாறிச் சுற்றிய முனிவர். தன் பங்கான சதையை அம்மை எடுத்துக்கொள்ள, நிற்க முடியாமல் மூன்றாவது கால் பெற்றவர். திருமேனியில் இவருக்குக் குறி அந்த மூன்று கால்தான். பெண்ணை விலக்கிவிட்டுக் கடவுளைத் தேடினால் தன் காலில் நிற்க முடியாது என்பதை எலும்பும் தோலுமாக ஒரு முனிவரை வைத்துக் காட்டியிருக்கிறார்கள். அம்மை உடலில் பாதி பெற நோற்ற நோன்பு என்று சொல்லித்தான் நம் பக்கத்துப் பெண்கள் ஐப்பசி அமாவாசையில் கேதார கௌரி விரதம் இருந்து, 21 இழை நோன்புக் கயிறு கட்டிக்கொள்கிறார்கள். அந்தப் பூஜை மாடத்தில் அர்த்தநாரி வெறும் தத்துவமாக இல்லை. வீட்டு வாழ்க்கையில் பாதிப் பங்கு என் பங்கு என்கிற உரிமையாக இருக்கிறார்.

வீடுகளில் அதிகம் காணப்படுவது தவழும் கண்ணன். வலக்கையில் வெண்ணெய் உருண்டை, இடக்கையும் முழங்காலும் தரையில், தலை சற்றே நிமிர்ந்திருக்கும். குழந்தை வேண்டுவோர் வைத்துக் கும்பிடுவது. கொஞ்சம் நல்ல வேலைப்பாடு உள்ள கண்ணனாக இருந்தால் கழுத்தைப் பாருங்கள். ஐம்படைத் தாலி இருக்கும். சங்கு, சக்கரம், கதை, வாள், வில் ஆகிய ஐந்தையும் சின்னஞ் சிறிதாகச் செய்து, பேய் பிசாசு அண்டாமல் இருக்கக் குழந்தைக்குக் கட்டும் அணி அது. இவை ஐந்தும் திருமாலின் ஆயுதங்கள். அதாவது யசோதை தன் பிள்ளையைக் காக்க, அந்தப் பிள்ளையின் ஆயுதங்களையே அவன் கழுத்தில் கட்டியிருக்கிறாள். அவளுக்கு அது தெரியாது. இந்த ஒரு சிறு குறியில் உள்ள அன்பை நினைத்தால் எனக்கு இன்றும் நெஞ்சு இளகுகிறது. உருவம் இன்னும் சிறுத்தால் தாலி மறைந்துவிடும். வெண்ணெய் மட்டும் மறையாது.

நடராஜரைப் பற்றிச் சொல்லுங்கள் என்று இளைஞர்கள் கேட்பார்கள். கலை வரலாற்றாளர் ஆனந்த குமாரசாமி 1918இல் வெளியிட்ட நூலிலிருந்து இன்றுவரை நடராஜரைப் பற்றி எவ்வளவோ எழுதியாயிற்று. ஜெனிவாவில் உள்ள செர்ன் ஆய்வுக்கூட வளாகத்தில் 2004 முதல் நம் நாடு தந்த நடராஜர் நிற்கிறார். உடுக்கை படைப்பு, தீ ஒடுக்கம், அபயக் கை காப்பு, ஊன்றிய காலின் கீழ் முயலகன், தூக்கிய திருவடி அருள் என்பது எல்லோருக்கும் தெரிந்ததே. நான் சேர்ப்பது ஒன்று: தூக்கிய திருவடியைச் சுட்டிக் காட்டும் அந்த இடக்கையை மறக்காதீர்கள். எங்கே பார்க்க வேண்டும் என்று சாமியே நமக்குச் சொல்கிறார்.

பழைய சின்னத் திருமேனிகளில் இருப்பதைப் பார்ப்பது போலவே இல்லாததையும் பார்க்கக் கற்றுக்கொள்ள வேண்டும். பீடத்தின் இரு ஓரங்களிலும் சிறு முளைகள் இருந்தால், ஒரு காலத்தில் திருவாசி இருந்தது என்று பொருள். பீடத்தில் துளையோ வளையமோ இருந்தால் அந்தச் சாமி கம்பு கோத்துத் தூக்கப்பட்டவர். வீட்டுக்குள் மட்டும் இருந்தவர் இல்லை. சோமாஸ்கந்தர் என்றால் சிவனுக்கும் உமைக்கும் நடுவே குழந்தை முருகன் இருக்க வேண்டும். ஆனால் பல திருமேனிகளில் நடு இடம் காலி. பிள்ளை மிகச் சிறியவன் என்பதால் உடைந்து போயிருப்பான். ஒரு சின்ன முளையோ தழும்போதான் மிஞ்சும். அதைக் கவனிக்காமல் சிவனும் பார்வதியும் என்று எழுதி வைத்துவிடுகிறார்கள். அந்தத் தழும்பைப் பார்த்தவருக்கு மட்டும் அது ஒரு குடும்பம்.

பின்பக்கத்தையும் திருப்பிப் பாருங்கள். மூலவரின் முதுகை நாம் பார்ப்பதில்லை. செப்புத் திருமேனியோ அபிஷேகத்தில் நாலு பக்கமும் நனைவது, வீதியில் நாலு பக்கமும் தெரிவது. அதனால் தலைக்குப் பின்னே சிரச்சக்கரம், தோளில் புரளும் முடிச்சுருள்கள், இடையில் ஆடையின் முடிச்சு என்று பின்பக்கமும் முழுதாக இருக்கும். பக்கவாட்டில் ஒரு நேர்க்கோடு மேலிருந்து கீழ்வரை ஓடினால், அல்லது பின்பக்கம் தட்டையாகவும் உள்ளே குடைவாகவும் இருந்தால், அது இரண்டு பாதி மணல் அச்சில் வார்த்த புதுப் பித்தளை. அலிகார் பக்கமிருந்து அப்படி நிறைய வருகிறது. அதில் குறை ஒன்றும் இல்லை. விளக்கேற்றிப் பூ வைத்தவர்களுக்கு அதுவும் சாமிதான். பழையது என்று சொல்லி விற்பதுதான் குற்றம். செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிப் பட்டறைகளுக்கு நடுவே வாழ்கிற நமக்கு, வார்ப்பு எது, அச்சு எது என்று பார்க்கும் கண் கொஞ்சம் முயன்றால் வந்துவிடும்.

மணியையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். கைமணியின் பிடி உச்சியில் நந்தி இருந்தால் சிவ பூஜைக்கு. கருடனோ சங்கு சக்கரமோ என்றால் பெருமாளுக்கு. காமாட்சி விளக்கு என்று நாம் கும்பிடும் விளக்கின் பின்தகட்டில் இரு யானைகள் நீராட்ட வீற்றிருப்பது பெரும்பாலும் கஜலட்சுமி. பெயர் அம்மனுக்கு, உருவம் திருமகளுக்கு. மருமகள் முதன்முதல் ஏற்றும் விளக்கில் இருவரும் ஒன்றாக இருப்பதில் எந்த வீட்டுக்கும் மனக்குறை இருந்ததில்லை.

இனி வருத்தமான பகுதி. பெரிய திருமேனி போனால் செய்தி வருகிறது. ஸ்ரீபுரந்தான் கோயிலில் களவுபோன நடராஜர் ஆஸ்திரேலியாவின் தேசியக் கலைக்கூடம் வரை போய், 2014இல் திரும்பி வந்தார். தரங்கம்பாடிக்கு அருகே ஆனந்தமங்கலத்தில் 1978இல் களவுபோன ராமர், சீதை, லட்சுமணர் திருமேனிகள் 2020இல் லண்டனிலிருந்து திரும்பி வந்தன. எப்படி அடையாளம் கண்டார்கள்? புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் 1958இல் அந்தக் கோயிலில் எடுத்து வைத்திருந்த புகைப்படங்கள்தான் சாட்சி. களவுக்கு இருபது ஆண்டு முன்பு யாரோ ஒருவர் பொறுமையாக எடுத்த படம், சாமியை ஊர் சேர்த்தது.

நம் வீட்டுச் சாமிக்கு அப்படி ஒரு படம் உண்டா? பாட்டி காலமானதும் பரணிலிருந்து இறக்கி, பழைய பாத்திரத்தோடு சேர்த்து எடைக்குப் போட்டுவிட்டு எவர்சில்வர் வாங்கிய வீடுகள் எத்தனை! கிலோ இவ்வளவு என்று தராசில் போனது ஐம்படைத் தாலி அணிந்த கண்ணனா, மூன்று கால் பிருங்கியா என்று இனி யாராலும் சொல்ல முடியாது. பத்திரமாக வைத்திருப்பவர்களும் அறியாமல் கெடுதல் செய்கிறார்கள். புளியும் உப்பும் போட்டுப் பளபளவென்று தேய்க்கிறோம். தேய்க்கத் தேய்க்கக் கண்ணும் மூக்கும் மழுங்கும். உப்பில் உள்ள குளோரைடு செம்போடு சேர்ந்து, ஈரம் பட்டால் வெளிர்பச்சைப் பொடியாகப் பூத்து உலோகத்தைத் தின்னும். அபிஷேகம் செய்யாதீர்கள் என்று சொல்ல மாட்டேன். அபிஷேகத்துக்குத்தான் அது பிறந்தது. இளநீரும் பஞ்சாமிர்தமும் ஊற்றினால் பிறகு நல்ல தண்ணீரில் அலசி, மெல்லிய பருத்தித் துணியால் ஈரம் போகத் துடையுங்கள். அமிலம், பாலிஷ் பொடி வேண்டாம். காலம் ஏற்றிய கருமை அழுக்கு ஆகாது. அதுதான் உலோகத்துக்குக் கவசம். உடைந்த விரலை ஒட்டவைக்கக் கடைக்குக் கொடுக்காதீர்கள்.

சட்டமும் தெரிந்திருக்க வேண்டும். நூறு ஆண்டுக்கு மேற்பட்ட உலோகச் சிற்பம் 1972ஆம் ஆண்டுச் சட்டப்படி தொல்பொருள். பதிவு செய்ய வேண்டும். தனியார் வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. அஸ்திவாரம் தோண்டும்போதோ ஏர் ஓட்டும்போதோ திருமேனி கிடைத்தால், 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும்.  எழும்பூர் அருங்காட்சியகத்தின் செப்புத் திருமேனிகளில் பெரும்பகுதி அப்படி மண்ணிலிருந்து வந்தவை.

இங்கே வந்திருக்கும் ஒவ்வொருவரிடமும் நான் கேட்பது இதுதான். வீட்டுக்குப் போனதும் உங்கள் பூஜை மாடத்துச் சாமியை எடுத்து வெளிச்சத்தில் வையுங்கள். முன்பக்கம், பின்பக்கம், இரு பக்கவாட்டு, பீடத்தின் அடி என்று ஐந்து படம் எடுங்கள். பக்கத்தில் ஒரு ஸ்கேல் இருக்கட்டும். உயரம், எடை, யாரிடமிருந்து யாருக்கு வந்தது, எந்த நோன்புக்கு வெளியே எடுப்பீர்கள் என்பதை ஒரு நோட்டில் எழுதுங்கள். வீட்டில் வயதானவர்கள் இருந்தால் அவர்கள் சொல்லச் சொல்ல எழுதுங்கள். அந்த நோட்டை உங்கள் பிள்ளைகளில் ஒருவரிடம் கொடுத்து வையுங்கள்.